தடம் போட்டவர்கள், தடம் அழித்தவர்கள்

சர்வோ அறைக்காரன்:
பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அந்தத் தட்டு எப்படிப் பளபளக்கும் என்று தெரியும். முகம் பார்க்கலாம். ஒரு கோடுகூடத் தெரியாது. ஆனால் நீங்கள் முதல் ஃபைலைச் சேமிப்பதற்கு முன்பே அதில் லட்சக்கணக்கான இடங்களில் எழுதி முடித்திருக்கும். தட்டில் தரவு வட்ட வட்டமான தடங்களில் இருக்கும், அவைதான் டிராக். அவற்றைப் படித்து எழுதும் முனைதான் ஹெட். 'இது எத்தனையாவது டிராக், அதன் நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறாய்' என்று ஹெட்டுக்கு வழி சொல்லும் காந்தக் குறிகள் அவை. சர்வோ என்போம். அதை எழுதும் அறையில் நான்கு வருடம் இருந்தேன். இந்த வேலையோடு உரசியவர்கள், இதனால் அடிபட்டவர்கள் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

எங்களிடம் வரும்போது டிரைவில் தட்டு, மோட்டார், ஹெட் எல்லாம் மாட்டியிருக்கும், சர்க்யூட் போர்டு மட்டும் இருக்காது. பெட்டியில் இரண்டு திறப்புகள். ஒன்றின் வழியாகக் கிளாக் ஹெட் உள்ளே போய், தட்டின் ஓரத்தில் நேர அளவுக்கான டிராக்கை எழுதும். வட்டம் முடிகிற இடத்தில் கடைசித் துடிப்பும் முதல் துடிப்பும் சரியாகப் பொருந்த வேண்டும். பொருந்தும்வரை அழித்து அழித்து எழுதும். இன்னொரு திறப்பு வழியாக ஒரு மெல்லிய பின் போய் ஹெட் இருக்கும் கையைத் தள்ளும். அந்தப் பின் எங்கே நிற்கிறது என்பதை லேசர் அளக்கும். டிராக் அகலத்தில் ஒரு பங்கு தள்ளு, ஒரு சுற்று எழுது, மறுபடி தள்ளு. வேலை இவ்வளவுதான்.

ஆனால் எத்தனை தடவை? நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி. ஒரு லட்சம் டிராக், டிராக்குக்கு 3 சுற்று என்று வைத்துக்கொண்டாலும் 2500 வினாடி. நாற்பது நிமிடத்துக்கு மேல் ஒரே டிரைவ் அந்தக் கிரானைட் மேசையில் உட்கார்ந்திருக்கும், அதுவும் தூசி புகாத கிளீன் ரூமுக்குள். டிராக்குகள் நெருங்க நெருங்க நேரமும் கூடும், மேசைகளும் கூடும். மேலதிகாரிகளின் முகம் கருக்கும்.

ஒரு வாரம் சோதனையில் சில டிரைவ்கள் விழுந்துகொண்டே இருந்தன. எல்லாம் ஒரே மேசையில் எழுதியவை. ஒவ்வொன்றிலும் ஏதோ ஓரிடத்தில் இரண்டு டிராக்குகள் ஒட்டிக்கொண்டதுபோல் நெருங்கியிருந்தன. ஒன்றில் எழுதினால் பக்கத்தில் இருப்பது சிதையும். மென்பொருளைச் சந்தேகித்தோம், லேசரைச் சந்தேகித்தோம். கடைசியில் பார்த்தால், டிரைவ்கள் ஏற்றி வரும் தள்ளுவண்டி திரும்பும்போது அந்த மேசைக் காலில் லேசாக இடிக்கிறது. 'டொக்' என்று ஒரு சத்தம். நாங்கள் எல்லாரும் தினமும் கேட்ட சத்தம்தான். தரையில் மஞ்சள் கோடு ஒன்று போட்டதும் பிரச்சினை தீர்ந்தது.

எழுதி முடித்ததும் திறப்புகளின் மேல் வெள்ளி நிற ஸ்டிக்கர் ஒட்டுவோம். பிய்க்காதே என்று எழுதியிருக்குமே, அதேதான். பிய்த்தவர்கள் கை தூக்கலாம்.

ஸ்டெப்பர் காலத்து ஆள்:
கை தூக்கிவிட்டேன்.

எங்கள் காலத்தில் இந்தக் கதையே கிடையாது. 1980-இல் வந்த எஸ்டி-506 டிரைவ் 5 எம்பி, சர்வோ என்று ஒன்று இல்லை. ஸ்டெப்பர் மோட்டார் 'டிக் டிக்' என்று படிப்படியாக நகரும். நூறு படி நகர்ந்தால் நூறாவது டிராக், அவ்வளவுதான் நம்பிக்கை. அங்கே டிராக் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. இத்தனைக்கும் 1971-லேயே ஐபிஎம் 3330 என்ற பெரிய டிரைவில் தட்டின் ஒரு முழுப் பக்கத்தை வழிகாட்டவே ஒதுக்கியிருந்தார்கள்: 19 பக்கம் தரவுக்கு, ஒரு பக்கம் சர்வோவுக்கு. அந்த வசதி சின்ன டிரைவுகளுக்கு இறங்கி வர ரொம்ப நாளானது.

அதனால் எங்களுக்கு எதிரி சூடு. டிரைவ் குளிர்ந்திருக்கும்போது ஃபார்மட் செய்தால், இரண்டு மணி நேரம் ஓடிச் சூடேறியதும் உலோகம் விரிந்து ஹெட் கொஞ்சம் தள்ளி நிற்கும். படிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அரை மணி நேரம் சும்மா ஓடவிட்டு, பெட்டி வெதுவெதுப்பானதும் டாஸில் இருந்த டீபக் என்ற நிரலைத் திறந்து 'ஜி=சி800:5' அடிப்போம். லோ லெவல் ஃபார்மட், அதாவது டிராக்குகளையே புதிதாக எழுதுவது, தொடங்கும். அந்த எண் இன்னும் விரலில் இருக்கிறது, என் சொந்த ஃபோன் நம்பர் மறந்துவிடும்.

அந்தப் பழக்கத்தில், பிற்பாடு வந்த டிரைவுகளிலும் 'லோ லெவல்' செய்கிறேன் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! சர்வோ அறைக்காரரே, அப்போது சர்வோ அழிந்திருக்காதா?

சர்வோ அறைக்காரன்:
அழியாது. ஒரு சுற்றில் நூற்றுக்கணக்கான முறை சர்வோ பகுதி ஹெட்டின் கீழே கடக்கும். அந்த நேரத்தில் எழுதும் மின்னோட்டத்தை டிரைவ் தானே அடைத்துவிடும். நீங்கள் செய்ததெல்லாம் சுழியம் நிரப்பியதுதான்.

டேப் அறை:
டிரைவ் அடைக்கும். காந்தம் அடைக்காது. இது என் கதை.

எங்கள் அலுவலகத்தில் தரவை நகலெடுத்து வைக்கும் எல்டிஓ காந்த டேப்புகள், பழையவை, குவிந்திருந்தன. அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தலாம் என்று ஒரு டிகாஸரை, அதாவது பலமான காந்தத்தால் எல்லாவற்றையும் அழிக்கும் கருவியை, வாடகைக்கு எடுத்தோம். நாற்பது கார்ட்ரிட்ஜ், ஒவ்வொன்றாக உள்ளே விட்டு எடுத்தேன். சுத்தமாக அழிந்தது என்று திருப்தி. மறுநாள் முதல் டேப்பைப் போட்டால் டிரைவ் துப்பிவிட்டது. இரண்டாவதும், மூன்றாவதும் அப்படியே. அப்புறம்தான் படித்தேன்: எல்டிஓ டேப்பில் ஐந்து சர்வோ பட்டைகள் நீளவாக்கில் ஓடுகின்றன, அவற்றுக்கு நடுவில் நான்கு தரவுப் பட்டைகள். சர்வோ தொழிற்சாலையில் எழுதப்படுவது, நம் டிரைவால் திரும்ப எழுத முடியாது. நாற்பதும் குப்பை. இதை மேலாளரிடம் சொன்ன அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. ஃபிளாப்பி மாதிரி இருக்கும் பழைய ஜிப் டிஸ்க்கையும் காந்தத்திடம் காட்டாதீர்கள், அதற்கும் இதே கதிதான்.

மீட்பு மேசை:
எங்களிடம் தரவு மீட்க வருபவர்களில் ஒரு தனி வகை உண்டு: 'தட்டை மட்டும் கழற்றி வேறு பெட்டியில் மாட்டிப் பார்த்தேன் சார்.' நடு ஸ்க்ரூவைத் தளர்த்தியதும் தட்டு 10 மைக்ரான் நகர்ந்திருக்கும், கண்ணுக்கே தெரியாது. அங்குலத்துக்கு ஒரு லட்சம் டிராக் என்றால் ஒரு டிராக்கிலிருந்து அடுத்தது 254 நானோமீட்டர். 10 மைக்ரானுக்குள் 39 டிராக். அதாவது ஒவ்வொரு சுற்றிலும் ஹெட் நாற்பது டிராக் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடியாக வேண்டும். ஓட முடியாமல்தான் 'கிளிக், கிளிக்' என்கிறது.

கட்டுப்பாட்டுப் பொறியாளர்:
எனக்கு இதில் மிகவும் பிடித்தது டிராக் எண்ணை எழுதும் விதம். சாதாரண இரும எண்ணில் 7 என்பது 0111, 8 என்பது 1000. நான்கு பிட்டும் மாறுகின்றன. ஹெட் இரண்டு டிராக்குக்கும் நடுவில் பறந்தால் பாதி இதையும் பாதி அதையும் படித்து 15 என்றோ 0 என்றோ சொல்லிவிடும். அதனால் கிரே கோடு என்ற வேறு முறையில் எழுதுவோம். அதில் 7 என்பது 0100, 8 என்பது 1100. ஒரே ஒரு பிட்தான் மாறுகிறது. எப்படிக் குழம்பினாலும் விடை 7 அல்லது 8. பக்கத்து வீட்டைத் தட்டலாம், பக்கத்து ஊருக்குப் போகாது.

எனக்குத் தலைவலி தந்தது வேறு. சர்வோ எழுதும்போது ஹெட் ஒரு நடுக்கம் நடுங்கினால் அந்த நடுக்கமும் தட்டில் பதிந்துவிடும். பிறகு வாழ்நாள் முழுக்க டிரைவ் அந்த வளைவை நேர்வழி என்று நம்பி ஓடும். அலைக்காட்டியில் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அதே நெளிவு. அதை அளந்து, டிராக் டிராக்காகத் திருத்தம் எழுதி வைப்போம். அறைக்காரர் சொன்ன 'டொக்' மாதிரி எத்தனையோ எங்கள் மேசைக்கு நெளிவாக வந்திருக்கும்!

சர்வோ அறைக்காரன்:
வந்திருக்கும், மன்னிக்கவும்.

பின் வைத்துத் தள்ளும் வேலை எங்கள் இடத்தில் பிறகு நின்றுவிட்டது. முதலில் கொஞ்சம் சுருள் கோடுகளை மட்டும் எழுதிவிட்டால், அவற்றைக் கடக்கும்போது வரும் சிக்னலை வைத்து டிரைவ் தன் சர்வோவைத் தானே எழுதிக்கொள்கிறது. மூடி போட்ட பிறகு நடப்பதால் கிளீன் ரூமும் தேவையில்லை. ஆயிரக்கணக்கான டிரைவ்களை அலமாரியில் செருகிவிட்டுப் போய்விடலாம். எவ்வளவு நேரம் எடுத்தாலும் யாரும் முகம் கருப்பதில்லை.

கடைசியாக அங்கே போனபோது எங்கள் கிரானைட் மேசை ஒன்று பேக்கிங் பகுதியில் கிடந்தது. மேலே டேப் சுருளும் கத்தரிக்கோலும். பக்கத்திலேயே தள்ளுவண்டி, மேசைக் காலில் முட்டிக்கொண்டு.