பகியில் உட்கார்ந்ததும் நான்கு நூல் பட்டம் பின்னால் தொங்குகிறது: உதவி தேவை

வல்வைக்காற்று (சனி, இரவு 9.12)

வணக்கம். டென்மார்க்கின் ரொமோ தீவின் தெற்குக் கடற்கரையிலிருந்து இன்று மூன்றாவது முறையாகத் தோற்றுத் திரும்பியிருக்கிறேன். தரையில் நின்று ஏற்றும்போது ஓரளவு ஒழுங்காக நிற்கும் பட்டம், நான் பகியில் (பட்டம் இழுத்து ஓடும் மூன்று சக்கர வண்டியில்) உட்கார்ந்து புறப்பட்டதும் முன்னே போக மறுத்து எனக்குப் பின்னாலேயே தொங்குகிறது. வண்டி நேராக ஓடாமல் பக்கவாட்டில் வழுக்குகிறது. காற்று ஒரு கணம் தளர்ந்தாலும் பட்டம் அப்படியே மணலில் அமர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு ஓட்டமும் காற்று தள்ளிக்கொண்டு போய் விட்ட இடத்திலேயே முடிவதால், வண்டியை இழுத்துக்கொண்டு நெடுந்தூரம் நடந்து திரும்பவேண்டியிருக்கிறது. ஊரில் எட்டுமூலைப் பட்டமும் கொக்குப் பட்டமும் கட்டி ஏற்றியவன் என்பதால் பட்டம் எனக்குப் புதிதல்ல. அடுத்த சனிக்கிழமைக்குள் யாராவது வழி சொன்னால் நன்று.

மூன்றுசக்கரம் (சனி, இரவு 9.40)

வணக்கம். பட்டம் எத்தனை சதுர மீட்டர், காற்றின் வேகம் என்ன, நூல்களின் நீளம் எவ்வளவு, பிடிப்பது இரண்டு கைப்பிடிகளா ஒற்றைத் தண்டா, உங்கள் எடை என்ன, பட்டம் புதியதா பழையதா என்ற ஆறு விவரங்களில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை. இவை தெரியாமல் யார் எதைச் சொன்னாலும் அது குறி சொல்வதாகவே இருக்கும்.

உப்புக்காற்று (சனி, இரவு 10.05)

விவரங்கள் வரட்டும், ஆனால் எனக்கு இப்போதே விடை தெரிகிறது. நீங்கள் உங்கள் பட்டத்தை முந்துகிறீர்கள். வண்டி வேகமெடுத்ததும் காற்றின் போக்கிலேயே திருப்பினால், பட்டத்தை நோக்கி நீங்களே ஓடுகிறீர்கள், நூல்கள் தொய்கின்றன, பட்டம் மடங்கி விழுகிறது. காற்றுக்குக் குறுக்காக ஓட்டப் பழகுங்கள். பட்டத்தில் கை வைக்காதீர்கள். இங்கே விழும் பத்துப் பட்டங்களில் எட்டு இப்படித்தான் விழுகின்றன.

மூத்தபட்டம் (ஞாயிறு, காலை 6.50)

இதே கேள்வியை இந்தப் பகுதியில் நான் எத்தனை முறை பார்த்துவிட்டேன் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். பிரிஸ்டலின் ஜார்ஜ் போகாக் 1826-இல் காப்புரிமை பெற்ற பட்ட வண்டியையே நான்கு கயிறுகளால்தான் ஆட்டுவித்தார். நியூசிலாந்தின் பீட்டர் லின் 1990 வாக்கில் இன்றைய மூன்று சக்கரப் பகிக்கு உருவம் கொடுத்தார். இவ்வளவு காலமாகத் தெரிந்த ஒன்றை, வண்டி வாங்குவதற்கு முன் படித்திருக்கலாம். ஊரில் எட்டுமூலை ஏற்றிய அனுபவம் இங்கே உதவாது, தம்பி. அது ஒற்றை நூலில் தானாக நிற்கும், இதை ஒவ்வொரு நொடியும் நீங்கள் ஓட்டவேண்டும். பெரிய பட்டம் வாங்குங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

வல்வைக்காற்று (ஞாயிறு, மாலை 5.31)

4 சதுர மீட்டர். கைப்பிடிகள்தான். நூல் 25 மீற்றர். என் எடை 84 கிலோ. காற்று நல்ல காற்று. பட்டம் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கியது. பின்விளிம்பை இழுக்கும் பிறேக் நூல்கள் அறுந்து அவர் புதிதாகப் போட்டதாகச் சொன்னார்.

மூன்றுசக்கரம் (ஞாயிறு, மாலை 5.58)

"நல்ல காற்று" என்பது ஓர் அளவு அல்ல. ஆனால் கடைசியில் எழுதிய வாக்கியத்தை நீங்கள் முதலிலேயே எழுதியிருக்கலாம்.

வல்வைக்காற்று (ஞாயிறு, மாலை 6.02)

கைபேசி நொடிக்கு 7 மீற்றர் என்று காட்டியது.

நூல்கணக்கு (ஞாயிறு, இரவு 8.20)

ஒரே ஒரு கேள்வி. விழும்போது பட்டத்தின் முன்விளிம்பு உள்ளே மடங்குகிறதா, அல்லது பட்டம் உப்பியபடியே பின்விளிம்பை முதலில் நீட்டிக்கொண்டு பின்னோக்கி இறங்குகிறதா? முன்விளிம்பு மடங்கினால் உப்புக்காற்று சொல்வது சரி, நீங்கள் பட்டத்தை முந்துகிறீர்கள். உப்பியபடி பின்னோக்கி இறங்கினால் ஓட்டும் முறையைத் தேடவேண்டியதில்லை, நூலைத்தான் தேடவேண்டும்.

வல்வைக்காற்று (ஞாயிறு, இரவு 8.44)

பின்னோக்கித்தான். உப்பியபடியே, யாரோ பின்னால் இருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல.

நூல்கணக்கு (ஞாயிறு, இரவு 9.30)

அப்படியானால் உங்கள் பிரேக் நூல்கள் குறுகியிருக்கின்றன என்பதே என் கணிப்பு. மேலே உள்ள இரண்டு இழுவை நூல்கள்தான் உங்கள் எடையையும் வண்டியின் எடையையும் தாங்குகின்றன. அதனால் அவை பயன்பாட்டின் முதல் சில மணிநேரங்களில் இழுபட்டுச் சற்று நீள்கின்றன, சுமை குறைந்த பிரேக் நூல்களோ அவ்வளவு நீள்வதில்லை. உங்களிடம் பழைய, நீண்டுவிட்ட இழுவை நூலும் புதிய பிரேக் நூலும் சேர்ந்திருப்பதால், நீங்கள் கையை அசைக்காதபோதும் பட்டத்தின் பின்விளிம்பு எப்போதும் கீழே இழுக்கப்பட்டிருக்கும். பின்விளிம்பு அப்படி வளைந்திருந்தால் பட்டம் முன்னே பறந்து காற்றின் ஓரத்துக்கு, அதாவது அது பறக்கக்கூடிய பரப்பின் பக்க எல்லைக்கு, போகாது. பின்தங்கி நின்று, காற்றடிக்கும் திசைக்கே உங்களை இழுக்கும். உங்கள் வண்டி பக்கவாட்டில் வழுக்குவதற்கும் இதுவே காரணம்.

நிற்கும்போது ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். நிற்கும்போது கைகளை முன்னே நீட்டிப் பிடிக்கிறோம். வண்டியில் சாய்ந்து உட்கார்ந்ததும் உடலின் பாரம் கைப்பிடிகளில் தொங்கி, மணிக்கட்டு திரும்பி, கைப்பிடியின் கீழ்முனை நெஞ்சுப் பக்கம் வந்துவிடுகிறது. அந்தக் கீழ்முனையில்தான் பிரேக் நூல் கட்டப்பட்டிருக்கிறது.

நான்கு நூல்களையும் பட்டத்திலிருந்தும் கைப்பிடியிலிருந்தும் கழற்றி, ஒரு முனையிலுள்ள கண்ணிகளை மணலில் அடித்த ஒரே முளையில் மாட்டி, மறுமுனைகளைச் சமமாக இழுத்துப் பிடித்துப் பாருங்கள். இழுவை நூல் நீளமாக இருந்தால் அதில் முடிச்சுப் போட்டுக் குறைக்காதீர்கள், முடிச்சு நூலின் பலத்தைத் தின்றுவிடும். கைப்பிடியின் கீழ்முனையிலிருந்து தொங்கும் சிறு கயிற்றில் வரிசையாக முடிச்சுகள் இருக்கும். பிரேக் நூலைக் கைப்பிடிக்கு அப்பால் உள்ள முடிச்சுக்கு மாற்றினால் போதும். சரியாக அமைந்தால், பட்டம் பறக்கும்போது பிரேக் நூல்கள் இலேசாகத் தொய்ந்து வளைந்திருப்பது கண்ணுக்குத் தெரியும்.

உப்புக்காற்று (ஞாயிறு, இரவு 10.11)

நூல் குறுகியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் மணிக்கட்டு திரும்புவதுதான் காரணம் என்றால் அதற்கு மருந்து இடைப்பட்டைக் கொக்கி. இரண்டு கைப்பிடிகளின் மேல்முனைகளையும் இணைக்கும் கயிற்றை இடுப்பிலுள்ள கொக்கியில் மாட்டிவிட்டால் பாரம் இடுப்புக்குப் போய்விடும், கைகள் திருப்புவதற்கு மட்டுமே இருக்கும். நான் முதல் மாதத்திலிருந்தே மாட்டித்தான் ஓட்டுகிறேன்.

மூன்றுசக்கரம் (ஞாயிறு, இரவு 10.37)

மூன்று நாள் மட்டுமே ஓட்டியவருக்குக் கொக்கியைப் பரிந்துரைப்பதை நான் கடுமையாக மறுக்கிறேன். கையில் மட்டும் பிடித்திருப்பவர் வேகக்காற்று அடிக்கும்போது கைப்பிடியை விட்டுவிடலாம். மணிக்கட்டுப் பட்டையோடு இணைந்த பிரேக் நூல்கள் இழுபட்டுப் பட்டம் சக்தியிழந்து கொடிபோலத் துடித்து விழும். கொக்கியில் மாட்டியவர் முதலில் அதைக் கழற்றவேண்டும், அந்த ஒரு நொடிக்குள் வண்டியிலிருந்து தூக்கி எறியப்படுவார். பகியில் பிரேக் மிதியும் கிடையாது என்பதை மறந்துவிடக்கூடாது.

உப்புக்காற்று (ஞாயிறு, இரவு 10.52)

கையால் பிடித்திருப்பவர்கள் பயத்தில் கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடிப்பதைத்தான் நான் கண்டிருக்கிறேன். விட்டுவிடலாம் என்று எழுதுவது எளிது. மணலில் முகம் உரசும்போது விரல் திறக்காது.

மூத்தபட்டம் (திங்கள், காலை 7.05)

இருவரும் பாதி சரி. முதலில் அவர் பெரிய பட்டம் வாங்கட்டும்.

மூன்றுசக்கரம் (திங்கள், காலை 7.30)

7 மீட்டர் காற்றில் 84 கிலோ எடையுள்ள புதியவருக்கு 4 சதுர மீட்டரே போதும் என்பது என் அனுபவம், ஐயா. பெரிய பட்டம் பின்தங்கி நின்றால் அதே பிழை இன்னும் பெரிதாக இழுக்கும்.

உப்புக்காற்று (திங்கள், மாலை 4.18)

கொக்கியைப் பற்றி நான் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை. விரைவாகக் கழற்றும் ஊசி வைத்த கொக்கி இருக்கும்போது "ஒரு நொடி" என்ற வாதம் நிற்காது.

மூன்றுசக்கரம் (திங்கள், மாலை 5.00)

அந்த ஊசியை இழுக்க ஒரு கையைக் கைப்பிடியிலிருந்து எடுக்கவேண்டும். எடுத்த கணத்தில் பட்டம் மறுபக்கம் சாய்ந்து சுழலும். பழகியவருக்கு அது பழக்கம். பழகாதவருக்கு அது இரண்டாவது விபத்து.

வல்வைக்காற்று (சனி, இரவு 8.03)

நன்றி. முளையடித்துப் பார்த்தேன். இழுவை நூல்கள் பிறேக் நூல்களைவிட 13 சென்ரிமீற்றர் நீளம். கடைசி முடிச்சுக்கு மாற்றினேன். இன்று புறப்பட்ட இடத்துக்கே ஓட்டித் திரும்பினேன், நடக்கவில்லை. முச்சையை (பட்டத்தோடு நூலை இணைக்கும் கட்டை) கொஞ்சம் ஏற்றி இறக்கினாலே பட்டத்தின் குணம் மாறும் என்று அப்பா சொல்லுவார், அதை நூலிலும் பார்த்திருக்கவேண்டும். இப்போது இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் சற்று மந்தமாக இருக்கிறது.

நூல்கணக்கு (சனி, இரவு 8.25)

மகிழ்ச்சி. 13 சென்டிமீட்டர் என்பது இரண்டு பக்கமும் ஒரே அளவா, அல்லது இடது பிரேக் நூலும் வலது பிரேக் நூலும் தங்களுக்குள் வேறுபடுகின்றனவா? அறுந்த நூல்களை மாற்றியவர் இரண்டையும் தனித்தனியாக வெட்டியிருந்தால் இந்த மந்தம் அங்கிருந்தே வரும்.

மூன்றுசக்கரம் (புதன், மாலை 6.15)

வல்வைக்காற்று, இதைப் பார்த்தால் இடப்பக்கத்து அளவை மட்டுமாவது எழுதிவிட்டுப் போங்கள்.