பின்வளவில் பிள்ளைகளுக்குப் பரண்வீடு: கால் மண்ணுக்குள்ளா, கொங்கிறீற்றுக்கு மேலா?

கல்லடிவாசி

பின்வளவில் பிள்ளைகள் விளையாட நிலத்திலிருந்து நாலடி உயரத்தில் ஒரு மரவீடு கட்ட வேண்டும். தளம் எட்டடிக்கு ஆறடி. அதில் பாதி அறை, பாதி திறந்த விறாந்தை. பிள்ளைகளுக்கு ஐந்து வயதும் எட்டு வயதும். அயல் பிள்ளைகளும் வருவதால் ஒரே நேரத்தில் ஆறேழு பேர் மேலே நிற்பார்கள் என்று கணக்கெடுங்கள்.

இடம் மட்டக்களப்பில் கல்லடி, கடலுக்குக் கிட்ட. தோண்டினால் வெறும் வெள்ளை மணல்தான். மாரியில் கிணற்றுத் தண்ணீர் நிலமட்டத்துக்கு இரண்டடி கீழ் வரை ஏறும். வளவில் ஒரு பெரிய மாமரமும் மூன்று தென்னையும் நிற்கின்றன.

கேட்க வேண்டியவை: கால்களை மண்ணில் புதைப்பதா, கொங்கிறீற்றில் இருத்துவதா? ஒரு பக்கத்தை மாமரத்தோடு சேர்த்துப் பூட்டினால் இரண்டு கால் மிச்சம், செய்யலாமா? என்ன மரம், என்ன அளவு? கறையானுக்குக் கழிவு ஒயில் பூசச் சொல்கிறார்கள், சரியா?

களுவாஞ்சிகுடி தச்சுவேலை

மாமரத்தை விட்டுவிடுங்கள். காற்றுக்கு மரம் அசையும், உங்கள் கால்கள் அசையாது. ஒரு பக்கம் மரத்திலும் மறுபக்கம் காலிலும் பூட்டிய தளம் ஒவ்வொரு காற்றுக்கும் முறுகி, பூட்டுத் துளைகள் பெருத்துப்போகும். மரத்திலிருந்து ஓரடியாவது தள்ளித் தனியாக நிற்கட்டும். தென்னைக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம், தேங்காயும் காய்ந்த மட்டையும் நேரே கூரையில்தான் விழும். வீட்டுக்கு வரும் மின்கம்பி, மதில், கிணறு எதையும் மேலே நின்று பிள்ளை எட்டக்கூடாது. ஆறடி தள்ளி வையுங்கள்.

கால்: மண்ணில் புதைக்காதீர்கள். மணலுக்குள் புதைத்த மரம் மண்மட்டத்தில்தான் முதலில் உக்கும், ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கிற இடம் அது. கறையானும் கண்ணுக்குத் தெரியாமல் அந்த வழியால்தான் ஏறும். காலைச் சுற்றிக் கொங்கிறீற் ஊற்றினால் இன்னும் மோசம், உள்ளே போன தண்ணீர் வெளியேறாது.

ஆறு கால், நீளப் பக்கம் ஒவ்வொன்றிலும் மும்மூன்று, நாலடி இடைவெளியில். ஒவ்வொரு காலுக்கும் 18 அங்குலச் சதுரத்தில் இரண்டடி ஆழக் குழி. அடியில் 18 அங்குலத் தடிப்புக்கு 1:2:4 (சீமெந்து, மணல், சல்லி) கொங்கிறீற், அதன்மேல் 9 அங்குலச் சதுரக் குற்றி, மண்மட்டத்துக்கு 6 அங்குலம் மேலே வரும்வரை. ஆறுக்கும் சேர்த்து 50 கிலோ சீமெந்து ஐந்து பை போதும். வளவு மணலைக் கொங்கிறீற்றுக்குப் போடாதீர்கள், உப்பு கம்பியைத் தின்றுவிடும். ஆற்று மணல் எடுங்கள். அடிக்கட்டி ஒன்று ஏறக்குறைய 230 கிலோ வரும். அந்தப் பாரம் மண்ணுக்காக இல்லை, காற்றுக்காக. உயர்ந்த தளத்துக்குக் கீழும் கூரைக்குக் கீழும் காற்றுப் புகுந்து தூக்கும். 1978 நவம்பர் சூறாவளி கண்ட ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

குற்றி ஈரமாக இருக்கும்போதே 6 மி.மீ தடிப்பு, 2 அங்குல அகலப் பட்டை இரும்பில் செய்த U வடிவப் பாதத்தை இறக்குங்கள். அடியில் ஓரடி நீளக் கொளுக்கிக் கம்பி பற்றவைத்திருக்க வேண்டும். பாதத்தின் அடித்தட்டு கொங்கிறீற்றிலிருந்து ஓரங்குலம் உயர்ந்து நின்றால்தான் மரத்தின் அடி காயும். பற்றவைப்பு, துளை எல்லாம் முடிந்த பிறகே கல்வனைஸ் செய்விக்க வேண்டும். வசதி இல்லையென்றால் சிங்க் பிறைமர் இரண்டு பூச்சு. குற்றிகளின் மட்டத்தைத் தண்ணீர்க் குழாய் வைத்துப் பாருங்கள். அரை அங்குல வித்தியாசத்தை பிறகு தக்கை வைத்துச் சரிக்கட்டினால் அந்தக் காலில் பாரம் நிற்காது.

மர அளவுகள் (தடிப்பு எல்லாம் அங்குலத்தில்): கால் எல்லாம் 4×4. பின்னால் இரண்டு 9 அடி, நடுவில் இரண்டு 10 அடி, விறாந்தை முன்னால் இரண்டு 7½ அடி. நடுக்கால் உயரமாக இருப்பதால் கூரை பின்பக்கம் சரியும். தளத்தைத் தாங்க 6×2 தீராந்தி இரண்டு, எட்டடி நீளம். காலின் வெளிப்பக்கத்தில் ஓரங்குலம் வெட்டி, அந்த வெட்டில் தீராந்தியை உட்காரவைத்து, ஒவ்வொரு காலிலும் 12 மி.மீ போல்ட் இரண்டு. மொத்தம் 12 போல்ட், 6½ அங்குல நீளம், இரண்டு பக்கமும் பெரிய வொஷர். பாரத்தை வெட்டு தாங்க வேண்டும், போல்ட் பிடித்து வைத்திருக்க மட்டுந்தான். வெட்டாமல் போல்ட்டிலேயே தொங்கவிட்டால் துளையடியில் மரம் பிளக்கும்.

தீராந்திக்கு மேல் குறுக்காக 4×2 ஏழு, ஆறடி நீளம், 16 அங்குலத்துக்கு ஒன்று, நிறுத்தி வையுங்கள், படுக்கவைக்க வேண்டாம். மேலே 4×1 பலகை 17, எட்டடி நீளம், கால் அங்குல இடைவெளி விட்டு. இடைவெளி இல்லாமல் நெருக்கி அடித்தால் மாரியில் ஊதி மேலே எழும். அதைவிடக் கூட விட்டால் சின்ன விரல் சிக்கும்.

கடைசியாக, பலர் விடுகிற ஒன்று: சாய்தாங்கி. பாதத்தில் நிற்கிற கால் புதைத்த கால் மாதிரி தானாக விறைத்து நிற்காது. பிள்ளைகள் ஒரே நேரத்தில் குதித்தால் முழுத் தளமும் பக்கவாட்டில் ஆடும். காலுக்கும் தீராந்திக்கும் இடையில் 45 பாகையில் 3×2 தாங்கி, இரண்டரை அடி நீளம், 10 மி.மீ போல்ட் போட்டு. பக்கங்களிலும் பின்னாலும் கட்டாயம். முன்பக்கம் உள்ளே குனிந்து போகத் திறந்திருக்கட்டும்.

அக்கரைப்பற்று ஓடாவி

தச்சு நானா சொன்ன கணக்கு சரி. மரத்தையும் பூச்சையும் நான் சொல்கிறேன்.

காலுக்கும் தீராந்திக்கும் முதிரை அல்லது பாலை. விலை கூட, ஆனால் மாற்ற முடியாத இடத்தில் கை சுருக்கக்கூடாது. பாலை வெயிலில் வெடிக்கும், வெட்டுமுகங்களுக்குப் பூச்சுக் கொடுத்து நிழலில் அடுக்கி வையுங்கள். குறுக்குச் சட்டத்துக்கு வேம்பு போதும், வளையாத நேர் மரமாகப் பார்த்து எடுங்கள். தளப் பலகை தேக்கு என்றால் நல்லது. மா, றப்பர் மரம், பூச்சு ஏற்றாத பைனஸ் மூன்றையும் வெளியில் போடாதீர்கள். பிளைவூட் தளம் மாரியில் அப்பளமாக விரியும். மரக்காலையில் பற்றுச்சீட்டோடு கொண்டுபோகும் அனுமதிப் பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள்.

முதிரையிலும் பாலையிலும் துளை போடாமல் ஸ்குறூ ஏற்றினால் ஒன்றில் மரம் பிளக்கும், இல்லையென்றால் தலை முறியும். ஸ்குறூவின் மரையை விட்டு நடுத்தண்டின் அளவுக்குத் துளை போட்டு, கொஞ்சம் சவர்க்காரம் தேய்த்து ஏற்றுங்கள். கடல் கிட்ட என்பதால் மஞ்சளாக மினுங்குகிற மெல்லிய முலாம் பூசிய ஸ்குறூ வேண்டாம், அது சீக்கிரம் கறளாகும். ஸ்டெயின்லெஸ் என்றால் 316 தரம் கேளுங்கள், இல்லாவிட்டால் தடித்த கல்வனைஸ்.

கழிவு ஒயில் வேண்டவே வேண்டாம். அதில் ஈயம் முதலான பார உலோகங்களும் புற்றுநோய் தரும் பொருட்களும் உண்டு. பிள்ளைகள் கையால் பிடித்து, அதே கையை வாயில் வைப்பார்கள். அதோடு உங்கள் மண் மணல். பூசியது மழையில் கழுவுப்பட்டு நேரே கிணற்றுக்குத்தான் இறங்கும். பழைய ரயில் சிலிப்பர் கட்டையும் இதே காரணத்தால் கூடாது, தார் எண்ணெய் ஊறியது. பழைய கதவு, யன்னலைச் சுரண்டிப் போடுவதும் வேண்டாம், பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம்.

கறையானுக்கு நல்ல மருந்து கண்காணிப்புத்தான். கொங்கிறீற் குற்றி ஆறு அங்குலம் வெளியே தெரிவதால், மண்பாதை கட்டி ஏறினால் கண்ணில் படும், தட்டிவிடலாம். பாதத்தைச் சுற்றி இலைகுப்பை, பலகைத் துண்டு ஒன்றும் சேர விடாதீர்கள்.

படுவான்கரை

வாவிக்கு மேற்கே இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காக ஒரு குறிப்பு. மேலே சொன்ன இரண்டடிக் குழி மணலுக்குத்தான். எங்கள் பக்கம் களிமண். மாரியில் ஊதும், கோடையில் அடிக்கிற கச்சான் காற்றில் வெடிக்கும். இரண்டடியில் நிறுத்தினால் ஒவ்வொரு காலும் ஒவ்வொரு விதமாக எழுந்து இறங்கும். மூன்றடி இறக்கி, அடியில் 6 அங்குலம் சல்லி போட்டு இடித்துவிட்டு ஊற்றுங்கள். வெள்ளம் நிற்கிற வளவென்றால் குற்றியை வெள்ள மட்டத்துக்கு மேலே எடுங்கள்.

வயல் காவல் பரணுக்குக் காட்டுக்கம்பைக் குத்தி நட்டுக் கட்டுகிறார்களே என்று கேட்கிறவர்கள் உண்டு. அது ஒரு போகத்துக்குத்தான். பிள்ளைகள் ஏறுவதற்கு அதை முன்மாதிரியாக எடுக்க வேண்டாம்.

கல்லடிவாசி

மூவருக்கும் நன்றி. மாமர யோசனையைக் கைவிட்டேன். இன்னும் இரண்டு: கூரைக்குக் கிடுகா தகரமா? கைப்பிடிக்குக் குறுக்குச் சட்டம் மூன்று போதுமா?

தாழங்குடா ரீச்சர்

தம்பி, குறுக்குச் சட்டம் வேண்டாம். பிள்ளைக்கு அது ஏணி. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் எல்லாம் நிமிர்ந்த சிலாகை. உயரம் தளத்திலிருந்து 38 அங்குலம். சிலாகைகளுக்கு இடையில் 3 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. மூன்றரை அங்குலத்துக்கும் ஒன்பது அங்குலத்துக்கும் இடைப்பட்ட எந்தத் துவாரமும் ஆபத்து: கால் பக்கமாக நுழைந்தால் உடம்பு போய்விடும், தலை மாட்டிக்கொள்ளும், பிள்ளை தொங்கும். யன்னல், படி, கைப்பிடியின் அடி எல்லாவற்றையும் இந்த அளவு வைத்துப் பாருங்கள்.

படியில்தான் இது தவறும். நாலடிக்கு எட்டங்குல உயரத்தில் ஆறு ஏற்றம், ஐந்து மிதி. மிதி அகலம் எட்டங்குலம், பக்கப் பலகை 6×2 இரண்டு, ஆறடி நீளம். மிதிகளுக்கு நடுவே திறந்து விட்டால் ஏழங்குலத் துவாரம் வரும். பின்னால் பலகை அடித்து மூடுங்கள். இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும், 24 அங்குல உயரத்தில் என்றால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு எட்டும்.

விழுந்தால் தாங்க மணல் 9 அங்குலம் வேண்டும், சுற்றிவர ஆறடிக்கு. உங்கள் வளவில் மணல் இருப்பதாலேயே போதும் என்று நினைக்காதீர்கள், மிதிபட்டு இறுகிய மணல் தாங்காது. படியடியில் மாதம் ஒருமுறை கொத்திக் கிளறுங்கள். போல்ட் முனை வெளியே நீட்டினால் வெட்டி அராவி மூடி போடுங்கள், தளத்துக்குக் கீழ் ஓடும் பிள்ளையின் தலை அந்த உயரத்தில்தான் வரும். கயிறு தொங்கவிடுவதென்றால் இரண்டு முனையையும் கட்டுங்கள். ஒரு முனை சும்மா தொங்கினால் கழுத்தில் சுற்றும்.

அக்கரைப்பற்று ஓடாவி

கிடுகு குளிர்ச்சி, ஆனால் ஒன்றிரண்டு வருடத்தில் மாற்ற வேண்டும், தேளும் எலியும் குடியிருக்கும். தகரம் போட்டு, அதன் அடியில் பின்னிய ஓலைத்தட்டி ஒன்றை இரண்டு அங்குல இடைவெளி விட்டுக் கட்டுங்கள், சூடும் மழைச் சத்தமும் குறையும். 3×2 கைமரம் நாலு, ஏழடி நீளம். அதன் மேல் 2×1 சிலாகை. ஸ்குறூ தகரத்தின் மேட்டில் றப்பர் வொஷரோடு ஏற வேண்டும், பள்ளத்தில் போட்டால் ஒழுகும். ஓரத்து வரிசையில் ஒவ்வொரு மேட்டிலும், நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று. காற்று ஓரத்திலிருந்துதான் உரிக்கத் தொடங்கும். கைமரத்தை ஆணியால் மட்டும் பிடிக்காமல் தகட்டுப் பட்டி சுற்றி அடியுங்கள். பழைய அஸ்பெஸ்டஸ் சீற் இலவசமாகக் கிடைத்தாலும் வெட்டாதீர்கள், அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது.

குழி தோண்டுவதை ஓகஸ்ட், செப்டம்பரில் முடியுங்கள், ஒக்டோபர் கடந்தால் குழிக்குள் தண்ணீர் நிற்கும். முதல் கச்சான் காலம் முடிந்ததும் மரம் காய்ந்து சுருங்கியிருக்கும், எல்லாப் போல்ட்டையும் ஒரு சுற்று இறுக்குங்கள். மாரி தொடங்கமுன் இன்னொரு சுற்று.