காலையில் சிபியு ஆன் ஆகவே கால் மணி நேரம்: மதர்போர்டா, எஸ்எம்பிஎஸ்ஸா?

கோத்தகிரி ஜெராக்ஸ் கடை (கேள்வி)

வணக்கம். கோத்தகிரியில் சின்னதாக ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கடையில் இருக்கும் ஒரே டெஸ்க்டாப் காலையில் ஆன் ஆக மறுக்கிறது. விண்டோஸ் மெதுவாக வருகிறது என்பதல்ல என் பிரச்சினை. அதற்கு முன்பே, பட்டனை அழுத்தும் இடத்திலேயே நிற்கிறது.

கடை திறந்ததும் சுவர் ஸ்விட்ச், அப்புறம் யுபிஎஸ் இரண்டையும் போடுவேன். சிபியு பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றாது, லைட் எரியாது, பீப் சத்தமும் வராது. சில நிமிடம் விட்டு அழுத்தினால் ஃபேன் லேசாக அசைந்து நின்றுவிடும். கால் மணி நேரம் போல ஆன பிறகு அழுத்தினால் ஒழுங்காக ஆன் ஆகி, விண்டோஸும் சட்டென்று வந்துவிடும். அதன்பின் சாயங்காலம் வரை ஒரு தொல்லையும் இல்லை. மதியம் ஷட்டவுன் செய்துவிட்டுத் திரும்ப அழுத்தினாலும் முதல் தடவையிலேயே ஆன் ஆகிறது.

எச்61 மதர்போர்டு, மூன்றாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி டிடிஆர்3 ரேம், எஸ்எஸ்டி. எஸ்எம்பிஎஸ் (சிபியுவுக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டி) கேபினட்டோடு வந்தது, 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. வந்து பார்த்த ஒருவர், மதர்போர்டு போய்விட்டது, புது சிஸ்டம் வாங்கிவிடுங்கள் என்கிறார். வாங்கும் நிலையில் நான் இல்லை. ஆன்லைனில் விண்ணப்பம் போட வருகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் காலையில்தான் வருகிறார்கள், அவர்களை நிறுத்தி வைப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நிஜமாகவே மதர்போர்டுதானா?

சேலம்

அக்கா, டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியைத் திறந்து தேவையில்லாததை எல்லாம் டிசேபிள் செய்யுங்கள். அதே பக்கத்தில் மேலே "லாஸ்ட் பயாஸ் டைம்" என்று ஒரு எண் காட்டும் (பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்னால் மதர்போர்டில் ஓடும் சின்ன மென்பொருள்). அது பத்துப் பதினைந்து நொடிக்குள் இருந்தால் போர்டு தன் பங்கைத் தாமதமில்லாமல் முடிக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துப் பாருங்கள்.

திருச்சி சர்வீஸ்

தம்பி சொன்ன பயாஸ் நேரம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கணக்கு மெஷின் ஆன் ஆன பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். அம்மாவுடைய சிக்கல் அதற்கும் முன்னால் இருக்கிறது. ஃபேனே சுற்றவில்லை என்றால் விண்டோஸுக்கும் எஸ்எஸ்டிக்கும் அங்கே வேலையே இல்லை.

ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி எளிது. பவர் பட்டன் கரண்டை நேராக இணைப்பதோ துண்டிப்பதோ இல்லை. அது மதர்போர்டுக்கு ஒரு சைகை மட்டும்தான் கொடுக்கிறது. அந்தச் சைகையைக் கவனிக்க மதர்போர்டின் ஒரு பகுதி எப்போதும் விழித்திருக்க வேண்டும். அதற்கென்றே எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை என்று தனியாக ஒரு சின்ன சப்ளை இருக்கிறது. சுவர் ஸ்விட்ச் போட்டதிலிருந்து அணைக்கும்வரை, மெஷின் ஆஃபில் இருந்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு பச்சை ஒயரைப் பூஜ்யத்துக்கு இழுக்கும், அதைப் பார்த்துத்தான் எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் லைன்களைக் கிளப்பும்.

ஓய்வே இல்லாமல் ஓடுவதால் அந்த ஸ்டாண்ட்பை பகுதியின் கண்டன்சர்கள்தான் (மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் சின்ன பாகங்கள்) பெரும்பாலும் முதலில் காய்ந்து போகும். எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சருக்குள் இருக்கும் திரவம் வருடக்கணக்கில் உலர உலர அதன் உள் மின்தடை ஏறுகிறது. குளிரில் அந்தத் தடை இன்னும் ஏறும். சூடானால் கொஞ்சம் இறங்கும். காலையில் சண்டித்தனம், மதியம் சமர்த்து என்று நீங்கள் சொல்வது அப்படியே இதோடு பொருந்துகிறது. மதர்போர்டு போயிருந்தால் பொதுவாக இத்தனை ஒழுங்காக நேரம் பார்த்துக் கெட்டு, நேரம் பார்த்துச் சரியாகாது.

முதலில் காசு செலவில்லாத ஒரு சோதனை. இன்றைக்கு ராத்திரி ஷட்டவுன் மட்டும் செய்யுங்கள், சுவர் ஸ்விட்சையும் யுபிஎஸ்ஸையும் அணைக்காமல் விடுங்கள். காலையில் போனதும் அழுத்திப் பாருங்கள். உடனே ஆன் ஆனால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல்தான். குளிர் தொடங்கிய பிறகுதான் இந்தத் தொல்லை வந்ததா என்பதையும் சொல்லுங்கள்.

கோத்தகிரி ஜெராக்ஸ் கடை

ஆமாம் அண்ணா. ஐப்பசி மழையில் லேசாகத் தொடங்கியது, மார்கழி வந்ததும் மோசமாகிவிட்டது. ராத்திரி எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டுத்தான் பூட்டுவேன்.

நீங்கள் சொன்னபடி அணைக்காமல் விட்டுப் பார்த்தேன். காலையில் முதல் அழுத்திலேயே ஆன் ஆகிவிட்டது! அப்படியானால் இப்படியே விட்டுவிடலாமா?

திருச்சி சர்வீஸ்

அப்படி விடாதீர்கள் அம்மா. நோய் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். காய்ந்த கண்டன்சர் இன்னும் காயும். ஸ்டாண்ட்பை லைன் தள்ளாட ஆரம்பித்தால் அதை நம்பியிருக்கும் மதர்போர்டும் சேர்ந்து கெட வாய்ப்பு உண்டு. நல்ல போர்டை அதற்குப் பலி கொடுக்க வேண்டாம்.

மல்டிமீட்டர் கிடைத்தால் உறுதி செய்துகொள்ளலாம். பக்கத்தில் எலக்ட்ரீஷியன் இருந்தால் அவரையே அளக்கச் சொல்லுங்கள். டிசி 20 வோல்ட்டில் வைத்து, மதர்போர்டில் சொருகியிருக்கும் 24 பின் கனெக்டரின் பின்பக்கமிருந்து, ஊதா நிற ஒயரில் சிவப்பு முனையையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரில் கறுப்பு முனையையும் வைக்க வேண்டும். கனெக்டரைக் கழற்ற வேண்டாம், லோடு இருக்கும்போதுதான் உண்மை தெரியும். ஊதா 4.75க்கும் 5.25க்கும் நடுவில் இருக்க வேண்டும். அடுத்து பச்சை ஒயர். பட்டனை அழுத்தாதபோது அதில் சில வோல்ட் இருக்கும், அழுத்தியதும் பூஜ்யத்தை ஒட்டி இறங்க வேண்டும். இறங்கியும் ஃபேன் சுற்றவில்லை என்றால் குற்றம் எஸ்எம்பிஎஸ்ஸுடையது. இறங்கவே இல்லை, ஊதாவும் சரியாக இருக்கிறது என்றால் பட்டன் அல்லது மதர்போர்டு. பட்டன்தானா என்று பார்க்க, மதர்போர்டில் பவர் ஸ்விட்ச் என்று குறித்த இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டு எடுத்தால் போதும்.

காலையில், இரவு முழுக்க எல்லாம் அணைத்திருந்த நிலையில் அளப்பது முக்கியம். மதியம் அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டும்.

இன்னொன்று. எந்தக் காரணத்துக்காகவும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கண்டன்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உடனே இறங்காது. உயிருக்கே ஆபத்து.

கோவை எலக்ட்ரானிக்ஸ்

அண்ணன் சொன்னதில் ஒரு சேர்க்கை. ஊதா ஒயரில் மீட்டர் 5 வோல்ட் காட்டினாலும் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று முடிவு கட்டிவிட முடியாது. கெட்ட கண்டன்சரால் லைனில் அலையடிப்பு அதிகமாகும், சாதாரண மீட்டர் சராசரியை மட்டும்தான் காட்டும். அலையடிப்பைப் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். அது இல்லாத இடத்தில், தெரிந்தவர் வீட்டு எஸ்எம்பிஎஸ்ஸை ஒரு காலைக்கு இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் நம்பகமான வழி, சகோதரி.

பச்சையையும் கறுப்பையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். அதிலும் ஜாக்கிரதையாக இருங்கள். லோடு இல்லாமல் ஃபேன் சுற்றிவிடும், மதர்போர்டில் மாட்டியதும் படுத்துவிடும். சுற்றவில்லை என்றால் கெட்டது என்று சொல்லலாம், சுற்றினால் நல்லது என்று சொல்லிவிட முடியாது.

தஞ்சாவூர்

இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். எனக்கு ஃபேன் உடனே சுற்றுகிறது, ஆனால் மானிட்டரில் படம் வர இரண்டு நிமிடம் ஆகிறது. இதுவும் எஸ்எம்பிஎஸ்தானா?

திருச்சி சர்வீஸ்

உங்களுடையது வேறு கதை. பவர் வந்துவிட்டது, மதர்போர்டு தன்னைத்தானே பரிசோதிக்கும் கட்டத்தில் தடுக்கிக்கொண்டிருக்கிறது. கீபோர்டு, மவுஸ் தவிர யுஎஸ்பியில் இருப்பதை எல்லாம் கழற்றிவிட்டுப் பாருங்கள். இரண்டாவது ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதன் கேபிளையும் எடுத்துப் பாருங்கள், சாகப்போகும் ஹார்ட் டிஸ்க் பதில் சொல்லும்வரை பயாஸ் காத்துக்கொண்டே இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, கால்களை அழிரப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டுங்கள். தேதியும் நேரமும் மாறிப்போகிறது என்றால் மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். புதியது 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 2.8க்குக் கீழே போனதை வைத்திருக்காதீர்கள். டிடிஆர்5 ரேம் போட்ட புது மெஷின் என்றால் முதல் தடவை ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுப்பது இயல்பு, பயப்பட வேண்டாம்.

கோத்தகிரி ஜெராக்ஸ் கடை

எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து காலையிலேயே அளந்தார். ஸ்விட்ச் போட்டதும் ஊதா ஒயரில் 4.1, பிறகு மெல்ல மெல்ல ஏறி 4.8 வந்தது. அது ஏறும்வரை, பட்டனை அழுத்தினால் பச்சை பூஜ்யத்துக்கு இறங்கியது, ஆனால் ஃபேன் சுற்றவில்லை. 4.8 வந்த பிறகு அழுத்தியதும் ஆன் ஆகிவிட்டது. புது எஸ்எம்பிஎஸ் வாங்கலாம் என்று இருக்கிறேன். எத்தனை வாட் போதும்?

திருச்சி சர்வீஸ்

இதைவிடத் தெளிவாக எஸ்எம்பிஎஸ் தன்னைக் காட்டிக்கொடுக்காது. மதர்போர்டு சொன்னதைச் செய்கிறது, எஸ்எம்பிஎஸ்ஸிடமிருந்துதான் பதில் வரவில்லை.

மூன்றாம் தலைமுறை டெஸ்க்டாப் ஐ3 பெரும்பாலும் 55 வாட் ரகம். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. உங்கள் மெஷின் மொத்தமாகவே 150 வாட்டைத் தாண்டாது. அதனால் பெரிய எண்ணைத் தேட வேண்டாம், பெயருள்ள கம்பெனியின் 400 அல்லது 450 வாட் தாராளம். ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணைவிட 12 வோல்ட் லைனில் எத்தனை ஆம்பியர் என்பதைப் பாருங்கள். கேபினட்டோடு சும்மா வருவதில் 450 என்று அச்சிட்டிருப்பதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். 24 பின், பிராசசருக்கு 4 பின், எஸ்எஸ்டிக்கு சாட்டா பவர், இவை மூன்றும் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். பின்னால் 115, 230 என்று சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் 230இல் இருக்க வேண்டும். 115இல் வைத்து நம் ஊர் கரண்டைக் கொடுத்தால் வெடித்துவிடும்.

மாட்டிய அன்றே யுபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துப் பாருங்கள். ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டை இழுக்கும் விதத்தைச் சீராக்கும் சர்க்யூட்) உள்ள சில எஸ்எம்பிஎஸ்கள் சின்ன யுபிஎஸ்ஸோடு ஒத்துப்போகாமல், கரண்ட் போகும் நொடியில் அணைந்துவிடும். அப்படி ஆனால் கடையில் மாற்றித் தரச் சொல்ல அப்போதுதான் முடியும்.

கோத்தகிரி ஜெராக்ஸ் கடை

மாட்டியாகிவிட்டது அண்ணா. இரவு முழுக்க அணைத்து வைத்திருந்தும் காலையில் அழுத்தியதும் ஆன் ஆகிறது. பிளக்கை எடுத்தும் பார்த்தேன், யுபிஎஸ்ஸில் நிற்கிறது. மதர்போர்டு தப்பித்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்ல முடியவில்லை. உங்கள் எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பழையதைத் தூக்கிப் போட வேண்டுமா? இனி ராத்திரி ஸ்விட்சை அணைக்கலாமா?

திருச்சி சர்வீஸ்

தாராளமாக அணையுங்கள். மலையில் இடி மின்னல் நேரத்தில் பிளக்கையே எடுத்துவிடுவது இன்னும் நல்லது. பழையதை டிவி மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஸ்டாண்ட்பை பகுதியில் 105 டிகிரி தாங்கும் நல்ல கண்டன்சர் மாற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடும், அவசரத்துக்கு உதவும்.

காலை நேரம் மிச்சமாக இன்னொரு வழி. பயாஸில் கரண்ட் வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு செட்டிங் இருக்கும், "ஏசி பவர் லாஸ்" என்ற பெயரில் தேடுங்கள். அதைப் பவர் ஆன் என்று வைத்துவிட்டால், யுபிஎஸ்ஸைப் போட்டதும் மெஷின் தானாகவே கிளம்பிவிடும். நீங்கள் ஷட்டரைத் தூக்கி ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் வைப்பதற்குள் விண்டோஸ் வந்து நிற்கும்.