வீட்டில் கஞ்சா, காலையில் வேலை: டெஸ்ட் எதைக் காட்டுகிறது?

கவிதா:
வயது வந்தவர் தனிமையில் கஞ்சா பயன்படுத்துவது குற்றமில்லை என்று 2018 செப்டம்பரிலேயே தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 மே மாதம் அதற்கான சட்டத்தில் அதிபர் கையெழுத்தும் போட்டார். ஆனாலும் யூரின் டெஸ்ட்டில் பாசிட்டிவ் வந்தால் வேலை போகிறது. சாராயம் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். கஞ்சாவின் எச்சமோ கொழுப்பில் தங்கி, தினமும் புகைப்பவருக்கு வாரக்கணக்கில் சிறுநீரில் தெரியும். சனிக்கிழமை புகைத்தவரைப் புதன்கிழமை தண்டிப்பது என்ன நியாயம்?

சேகர்:
அந்தத் தீர்ப்பு உங்களை ஜெயிலுக்குப் போகாமல் காக்கும், வேலை விதியிலிருந்து காக்காது. கண்ணாடித் தொழிற்சாலை ஊழியர்கள் வழக்கில் 2022-இல் தொழிலாளர் நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. பணிநீக்கம் செல்லும் என்றது. நான் சேஃப்டி ஆபீசர். போதையில் இருப்பவரை மட்டுமல்ல, இருப்பதுபோலத் தெரிபவரையும் உள்ளே விடக் கூடாது என்கிறது விதி. எங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ரிவர்ஸ் வரும்போது டிரைவர் திரும்பிப் பார்க்க ஒரு நொடி தாமதமானது. பின்னால் நின்ற பையனின் கால் சக்கரத்துக்கும் ரேக்குக்கும் நடுவில். அவன் ஷூவைக் கத்தரித்து எடுத்தது நான்.

கவிதா:
படிக்கவே மனசு பதறுகிறது சார். அந்த டிரைவர் கஞ்சா புகைத்திருந்தாரா?

சேகர்:
இல்லை. தொடர்ந்து இரண்டாவது ஷிஃப்ட், தூக்கமில்லை.

கவிதா:
அந்தத் தூக்கக் கலக்கத்தை எந்த யூரின் டெஸ்ட் காட்டியிருக்கும்? வண்டியைத் தொடாத அலுவலக ஊழியர் ஒருவரைக் கஞ்சா டெஸ்ட்டில் பாசிட்டிவ் வந்ததற்காக நீக்கினார்கள். 2024 ஏப்ரலில் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுகிறது என்று சொல்லி, 24 மாதச் சம்பளத்தை இழப்பீடாகக் கொடுக்கச் சொன்னது.

முரளி:
நான் கிரேன் ஓட்டுகிறேன். மேசை வேலையையும் என் வேலையையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். கொக்கியில் டன் கணக்கில் சரக்கு தொங்கும்போது கீழே நிற்பவன் என்னை நம்பித்தான் நிற்கிறான். எனக்கு டெஸ்ட் வேண்டும். ஆனால் எச்சிலில் எடுங்கள், அது சமீபத்தில் புகைத்ததைத்தான் பெரும்பாலும் பிடிக்கும்.

சேகர்:
எச்சில் டெஸ்ட்டுக்கு ஒத்துக்கொள்கிறேன் முரளி. கிரேன், ஃபோர்க்லிஃப்டில் பாசிட்டிவ் வந்தால் அன்றைக்கு வண்டி கிடையாது, அதில் இறங்கி வர மாட்டேன்.

கவிதா:
அன்றைக்கு வண்டி தராதீர்கள், சரி. வேலையைப் பறிக்காதீர்கள். இரண்டாவது ஷிஃப்ட்டுக்கு வருபவரிடம் தூங்கினாரா என்றும் கேளுங்கள்.