குடும்ப ஜெபத்துக்கு கூப்பிட்டாலே பையன் வயிறு வலிக்குதுங்கறான், என்ன பண்ணலாம்?

தாம்பரம் அம்மா எழுதியது:

எல்லாருக்கும் தோத்திரம். ரொம்ப நாளா இங்க வாசிக்க மட்டும் செஞ்சிட்டு இருந்தேன், இன்னைக்கு தான் முதல் தடவையா எழுதுறேன். எங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க, பையன் ஏழு வயசு ரெண்டாம் கிளாஸ், பொண்ணுக்கு மூணரை. சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம், வேலைக்காக தாம்பரத்துல இருக்கோம். ராத்திரி எட்டரைக்கு குடும்ப ஜெபம், கல்யாணம் ஆன நாள்ல இருந்து விட்டதே இல்ல. ஒரு பாட்டு, அப்புறம் வேதாகமத்துல இருந்து ஒரு சங்கீதம் ஆளுக்கொரு வசனமா சுத்தி வாசிப்போம், அப்புறம் ஜெபம், கடைசில பரமண்டல ஜெபம் எல்லாரும் சேர்ந்து. எங்க அம்மா வீட்லயும் இப்படித்தான், அவங்க வீட்லயும் இப்படித்தான்.

போன மாசம் அறுப்பின் பண்டிகைக்கு ஊருக்கு போயிருந்தோம். ராத்திரி ஜெபத்துக்கு பெரியப்பா வீடு சித்தப்பா வீடுன்னு பதினாலு பேர் பாய்ல உக்காந்திருந்தாங்க. சங்கீதம் 121. சுத்தி வந்து மூணாவது வசனம் பையனுக்கு வந்துச்சு. "உன்" அப்படின்னு ஆரம்பிச்சான், அதோட நின்னுட்டான். அடுத்த எழுத்துல விரல வச்சுக்கிட்டு பாத்துட்டே இருக்கான், வாயே திறக்கல. நான் காதுல சொல்லிக் குடுத்தேன், அப்பவும் வரல. பெரியப்பா "இங்கிலீஷ் மீடியத்துல போட்டா இப்படித்தாம்மா, வேதத்த வாசிக்க தெரியாத பிள்ளையா வளருது"ன்னு சொல்லிட்டாங்க, கூட ரெண்டு மூணு பேர் சிரிச்சிட்டாங்க. அவன் எந்திரிச்சு அடுக்களைக்கு போய் பழைய ஆட்டுரலுக்கு பின்னால நின்னுட்டு அழுதான், சத்தமே இல்லாம. அந்த அழுகைய என்னால மறக்க முடியல.

அதுல இருந்து எட்டரை ஆனா வயிறு வலிக்குது. டாக்டர்கிட்ட காட்டியாச்சு, ஒண்ணும் இல்ல. ஸ்கூல்ல தமிழ் பாடம் இருக்கு, சின்ன சின்ன வாக்கியம் நல்லாவே வாசிப்பான், அதனாலதான் எனக்கு புரியல. சின்னவ வேற பாதி ஜெபத்துல எந்திரிச்சு ஓடுவா. அவங்க அப்பா பேசாம இங்கிலீஷ் பைபிளுக்கு மாத்திரலாம்ங்கறாங்க. எங்க ஆச்சி எனக்கு மடியில வச்சு தமிழ்ல சொல்லிக் குடுத்தது என்கிட்டயே நின்னு போயிருமோன்னு மனசு கேக்கல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

ஓய்வுநாள் பள்ளி டீச்சர், நாகர்கோவில்:

மக்களே முதல்ல ஒண்ணு கேக்கேன், அன்னைக்கு ஊர்ல அவன் கையில இருந்தது எந்த வேதாகமம்? அவனோடதா, அங்க வீட்ல இருந்ததா? அதுக்கு பதில் சொல்லு, ஏன் கேக்கேன்னு அப்புறம் சொல்லுதேன்.

இருபது வருசத்துக்கு மேல ஓய்வுநாள் பள்ளி எடுக்கேன், அதுல பாத்தத சொல்லுதேன். நம்ம வேதாகமத்து தமிழ் பாடப்புத்தகத்து தமிழ் இல்ல. பவர் ஐயர்ங்கற மிஷனரியோட குழு 1871ல முடிச்ச மொழிபெயர்ப்பு, அந்த காலத்து நடை. வார்த்தைங்க எல்லாம் சேர்ந்து சேர்ந்து நீளமா இருக்கும். அதே சங்கீதத்துல ரெண்டாம் வசனம் பாரு, "கர்த்தரிடத்திலிருந்து"ன்னு ஒரே மூச்சு. ஏழு வயசு பிள்ள எழுத்து எழுத்தா கூட்டி வாசிக்கும், பாதி போறதுக்குள்ள முதல் எழுத்து மறந்துரும். நான் பென்சில் வச்சு லேசா கோடு போடுவேன், கர்த்தர், இடத்தில், இருந்து. மூணா பிரிச்சா மூணும் அவனுக்கு தெரிஞ்ச வார்த்தை தான். பிரிச்சு மூணு தடவ, சேர்த்து ஒரு தடவ. அவ்வளவுதான் வித்தை.

"தள்ளாடவொட்டார்"ங்கறத பெரியவங்களே எத்தன பேரு அர்த்தம் தெரிஞ்சு வாசிக்காங்கன்னு எனக்கு சந்தேகம். தள்ளாட விடமாட்டார்னு அர்த்தம். அத முதல்லயே சொல்லிக் குடுக்காம பதினாலு பேர் முன்னால வாசிக்க சொன்னா பிள்ள என்ன செய்யும் பாவம். நான் என் கிளாஸ்ல முன்கூட்டியே தனியா வாசிச்சு பாக்காத வசனத்த எந்த பிள்ளையையும் சபையில வாசிக்க விட மாட்டேன்.

இப்போதைக்கு சுத்தி வாசிக்கறத நிப்பாட்டு. சங்கீதம் 136 எடு. மொத்தம் 26 வசனம், ஒவ்வொரு வசனமும் "அவர் கிருபை என்றுமுள்ளது"ன்னு தான் முடியும். முன்பாதி நீங்க வாசிங்க, பின்பாதி அவனும் தங்கச்சியும் சொல்லட்டும். இருபத்தாறு தடவ சொல்றதுக்குள்ள அந்த மூணு வார்த்தையும் கண்ணுல ஒட்டிரும். ஒரே நாள்ல முழுசும் வேண்டாம், நாளுக்கு ஒம்பது வசனம் போதும்.

தாம்பரம் அம்மா:

ரொம்ப நன்றி டீச்சர். அது தாத்தாவோட வேதாகமம், கருப்பு தோல் அட்டை, அவங்க கல்யாணத்துக்கு கோயில்ல குடுத்தது, முதல் பக்கத்துல மையில 1964ன்னு எழுதியிருக்கு. அதுலதான் வாசிக்கணும்னு ஊர்ல ஒரு வழக்கம். ஏன் கேட்டீங்க?

அச்சக வேலை, மதுரை:

டீச்சர் எதுக்கு கேட்டாங்கன்னு எனக்கு புரிஞ்சிருச்சு, நான் முந்திக்கிறேன், ஏன்னா இது என் தொழில். ப்ரூஃப் பாக்குறவன் நான்.

சிஸ்டர், உங்க பையன் மேல தப்பே இல்ல. 1964க்கு முன்னாடி அச்சான புத்தகம்னா அது பழைய எழுத்து. 1978ல எம்.ஜி.ஆர் ஆட்சியில பெரியாரோட எழுத்துச் சீர்திருத்தத்த அரசு ஏத்துக்கிட்டு ஆணை போட்டாங்க, அதுல 13 எழுத்து மாறிச்சு. ணா, றா, னா இந்த மூணுக்கும் அந்த காலத்துல தனியா துணைக்கால் கிடையாது, எழுத்தோட வாலே கீழ சுழிச்சு போகும். ணொ ணோ மாதிரி ஆறு எழுத்துலயும் அதே சுழி. ணை, லை, ளை, னை நாலும் தலைக்கு மேல யானை தும்பிக்கை மாதிரி வளைஞ்சு நிக்கும். இன்னைக்கு ஸ்கூல்ல படிக்கிற பிள்ளைக்கு அந்த வடிவத்த யாருமே சொல்லிக் குடுக்கறதில்ல.

இப்ப அந்த மூணாவது வசனத்த எடுத்துப் பாருங்க. "உன் காலைத் தள்ளாடவொட்டார், உன்னைக் காக்கிறவர் உறங்கார்." முதல் வார்த்தை "உன்", அத அவன் வாசிச்சிட்டான்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ரெண்டாவது வார்த்தை "காலை". அதுல இருக்கறது தும்பிக்கை லை! பிள்ள வாழ்க்கையில பாத்தே இராத எழுத்து. அவன் நின்ன இடம் சரியா அதுதான். கொஞ்சம் தள்ளி "உன்னை"ல தும்பிக்கை னை, கடைசி "உறங்கார்" பக்கம் போறதுக்குள்ள அவனுக்கு ரெண்டு முட்டு. தெரியாத எழுத்த தெரிஞ்ச மாதிரி உளறாம நின்னானே, அது நல்ல பிள்ளைக்கு அடையாளம்னு நான் சொல்லுவேன்.

தயவு செஞ்சு இத அவன்கிட்ட சொல்லுங்க. தாத்தா காலத்து எழுத்து வேற, உன் எழுத்து வேறன்னு காட்டுங்க. பெரியப்பாகிட்டயும் சொல்லுங்க.

குவைத் அப்பா:

மேல உள்ள பதில வாசிச்சு எனக்கு கண்ணு கலங்கிருச்சு, எங்க வீட்லயும் இதே மாதிரி ஒரு பழைய புத்தகம் இருக்கு.

இங்கிலீஷ் பைபிள் பத்தி மட்டும் நான் சொல்றேன். இங்க வெள்ளிக்கிழமை தான் லீவு, அன்னைக்கு தான் தமிழ் ஆராதனை, சண்டே ஸ்கூலும் வெள்ளிக்கிழமை தான். ஸ்கூல்ல தமிழே கிடையாது. அதனால கதைய, அதாவது யோசேப்பு, தாவீது, தானியேல் எல்லாத்தையும் நாங்க இங்கிலீஷ் படப் புத்தகத்துல தான் வாசிச்சு காட்டுறோம், பிள்ளைக்கு கதை புரியணும் இல்லையா. ஆனா வசனமும் ஜெபமும் தமிழ் தான். வாரத்துக்கு ஒரே ஒரு தமிழ் வசனம், ஃப்ரிட்ஜ் கதவுல பெரிய எழுத்துல எழுதி ஒட்டிருவோம். தண்ணி எடுக்க போறப்பெல்லாம் கண்ணுல படும். முதல் வசனமா நாங்க எடுத்தது "இயேசு கண்ணீர் விட்டார்", யோவான் 11:35. மூணே வார்த்தை. என் பொண்ணு அத வாசிச்சிட்டு "ஏன் அழுதாங்க?"ன்னு கேட்டா, நான் லாசரு கதைய சொன்னேன், அன்னைக்கு ஜெபம் அதோட முடிஞ்சுது, அரை மணி நேரம் அவ கேள்வி கேட்டுட்டே இருந்தா. ஒண்ண விட்டுத்தான் ஒண்ணுன்னு இல்ல சிஸ்டர், ரெண்டும் வீட்ல இருக்கட்டும்.

முத்துநகர் மேரி:

நாங்க கத்தோலிக்க குடும்பம், தூத்துக்குடி. ஓடுற சின்னவளுக்கு நான் சொல்றேன், ஏன்னா எங்க வீட்லயும் மூணு வயசு ஒண்ணு இருக்கு. எங்களுக்கு ராத்திரி 53 மணி ஜெபம். பெரியவங்களுக்கே நீளம், சின்னதுக்கு சொல்லவே வேண்டாம். நான் ஜெபமாலைய அவ கையில குடுத்துருவேன். ஒரு மணி ஒரு அருள் நிறைந்த மரியே, பத்து முடிஞ்சா ஒரு இடைவெளி, அங்க பெரிய மணி. விரலால தள்ளித் தள்ளி பத்து வரைக்கும் எண்ணுறதுக்கு அவ அதுலதான் படிச்சா. ஒரு பத்து முடிஞ்சதும் "போதுமா"ன்னு கேப்பேன், போதும்னா மடியில படுத்துக்கலாம், மீதிய நாங்க சொல்லுவோம். படுத்துட்டே வாய் முணுமுணுக்கும். சின்னப் பிள்ளைக்கு கைக்கு வேலை குடுக்கணும், அம்புட்டுதேன். உங்க வழக்கத்துல மாலை இல்லன்னா பாய் விரிக்கிறது, பாட்டு புஸ்தகம் எடுத்து எல்லாருக்கும் குடுக்கிறதுன்னு ஒரு வேலைய அவ பேருக்கே எழுதி வச்சிருங்க. வேற யாரும் அத செய்யக்கூடாது.

இன்னொண்ணு, 1995ல வந்த பொது மொழிபெயர்ப்பு எங்க கையில இருக்கு. அதே சங்கீதத்துல "பர்வதம்" கிடையாது மலைன்னு இருக்கும், "ஒத்தாசை" கிடையாது உதவின்னு இருக்கும். அர்த்தம் சொல்லிக் குடுக்க பக்கத்துல வச்சுக்கலாமே.

ஓய்வுநாள் பள்ளி டீச்சர், நாகர்கோவில்:

அச்சக தம்பி சரியா சொல்லிட்டாங்க, நான் கேக்க வந்தது அதுதான். என் கிளாஸ்லயும் ஒரு பிள்ள அவங்க பாட்டியோட வேதாகமத்த கொண்டு வந்து இதே மாதிரி முழிச்சுது.

மேரி சொன்ன ரெண்டாவது விசயம் எனக்கு பாதி தான் சம்மதம். அர்த்தத்துக்கு பக்கத்துல வைக்கலாம், சரி. ஆனா மனப்பாடம் பழைய மொழியிலயே இருக்கட்டும். கோயில்ல, கல்யாணத்துல, துக்க வீட்ல எல்லாம் அந்த வார்த்தையத்தான் எல்லாரும் சேர்ந்து சொல்லுவோம், பிள்ள அன்னைக்கு வாய மூடிட்டு நிக்கக்கூடாது. ஒத்தாசைங்கற வார்த்தை ஒரு தடவ விளக்கினா போதும், சாகுற வரைக்கும் கூட வரும்.

இன்னொரு காரியம் யாரும் சொல்லல. பொய் சொன்னா பத்து தடவ வசனம் எழுது, அடம் பிடிச்சா முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுன்னு தண்டனையா குடுக்கவே குடுக்காதீங்க. நான் முதல் வருசத்துல அப்படி குடுத்திருக்கேன், அதுக்கு இன்னைக்கும் வருத்தப்படுதேன். அதுல ஒரு பையன் வளர்ந்த பிறகு என்கிட்ட வந்து, அந்த வசனத்த எங்க கேட்டாலும் கை வலிக்குது டீச்சர்னு சொன்னான்.

நேரத்தையும் மாத்து. எட்டரைக்கு பிள்ளைக்கு தூக்கம், பசி அடங்கின மயக்கம். சாப்பாட்டுக்கு முன்னால ஏழு, ஏழரைக்கு பத்து நிமிசம் வை. பெரியவங்க நீள ஜெபத்த பிள்ளைங்க தூங்கின பிறகு பண்ணிக்கலாம்.

தாம்பரம் அம்மா (மூணு வாரம் கழிச்சு):

எல்லாருக்கும் என்ன சொல்றதுன்னே தெரியல, நடந்தத சொல்றேன்.

மாமாகிட்ட போன்ல கேட்டேன், அவங்க அந்த பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பினாங்க. பெருசாக்கி பையன்கிட்ட காட்டினேன். அச்சக அண்ணா சொன்ன மாதிரியே தும்பிக்கை. "இது லை-யா?"ன்னான். ஆமா தாத்தா ஸ்கூல் படிச்சப்ப லை இப்படித்தான் இருந்துச்சுன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "அப்ப எனக்கு வாசிக்க தெரியும்"ன்னான். கேள்வியா இல்ல, அவனுக்கே சொல்லிக்கிட்டான். அவங்க அப்பா அப்பவே ஊருக்கு போன் பண்ணி பெரியப்பாகிட்ட விசயத்த சொன்னாங்க, பெரியப்பா பையன்கிட்ட போன குடுக்க சொல்லி, "ராசா, அந்த எழுத்து உனக்கு தெரியாதுன்னு பெரிய தாத்தாவுக்கு தோணாம போச்சு, மனசுல வச்சுக்காத"ன்னு சொன்னாங்க. எழுபத்தி ரெண்டு வயசு அவங்களுக்கு. எனக்கு அது போதும்.

இப்ப ஜெபம் ஏழேகாலுக்கு. பாய் சின்னவ விரிக்கிறா, கோணலா தான் இருக்கும், யாரும் இழுத்து சரி பண்றதில்ல. மூணு நாளா பிரிச்சு 136 முடிச்சோம், அப்புறம் அவனே 121 கேட்டான். வாசிக்க வாசிக்க "காலைன்னா மார்னிங் தானே, உன் மார்னிங்க தள்ளாட விடமாட்டாரா?"ன்னு கேட்டான். இல்லப்பா கால், நடக்குற கால், கால்+ஐன்னு பிரிச்சு காட்டினேன். வயிறு வலி இந்த ரெண்டு வாரத்துல ஒரே ஒரு தடவ சொன்னான், அன்னைக்கு நிஜமாவே ஜீரணம் ஆகல.

நேத்து சின்னவ சோபா கைப்பிடி மேல ஏறி நின்னுட்டா. நான் அடுப்புல இருந்து ஓடி வர்றதுக்குள்ள இவன் போய் அவ ரெண்டு காலையும் கட்டிப் புடிச்சுக்கிட்டு, "தள்ளாடவொட்டேன், நீ இறங்கு"ங்கறான்.