புதுப்பிப்பு: லோ-போ ஹாக்கி ஸ்டிக்கில் பந்து எழும்பிய பிரச்சினை தீர்ந்தது

போன மாதம் கேட்டிருந்தேன்: பெரம்பூரில் மிட்ஃபீல்டு ஆடுகிறேன், புது லோ-போ (வளைவின் உச்சம் அடிப்பக்கமாக இருக்கிற) ஹாக்கி ஸ்டிக்கில் ஹிட் அடித்தால் பந்து தரையோடு போகாமல் எழும்புகிறது, ஸ்டிக்கை மாற்றணுமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது வியாசர்பாடி அண்ணன் சொன்னதுதான். தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி ஸ்டிக்கைத் தரையில் வைத்து, வளைவுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளக்கச் சொன்னார். 24 மி.மீ. வந்தது, விதிப்படி 25 வரை போகலாம். உச்ச வளைவு அடியிலிருந்து 20 செ.மீ.தான். வளைவு அவ்வளவு கீழே இருந்தால் அடிக்கும்போது ஸ்டிக்கின் முகம் மேல்நோக்கித் திறந்துகொள்கிறது. டிராக் ஃப்ளிக்குக்கு (பந்தை ஸ்டிக்கோடு இழுத்து வீசுவதற்கு) அது வரம், நீளமாகப் பாஸ் கொடுக்கிற எனக்குத் தலைவலி.

நண்பனின் மிட்-போ ஸ்டிக்கை வாங்கி ஆடிப் பார்த்தேன். உச்ச வளைவு சுமார் 25 செ.மீ.யில். முதல் நாளே பந்து தரையைத் தடவிக்கொண்டு போனது. அதே மாதிரி ஒன்று வாங்கிவிட்டேன்.

எதிர்பாராத விஷயம் ஒன்று: பந்தைக் கொஞ்சம் பின்னால் வைத்து, கை பந்துக்கு முன்னால் இருக்கும்படி அடித்தபோது பழைய ஸ்டிக்கிலும் பாதி சரியானது. காசு செலவழிக்கும் முன் அதை முயன்று பாருங்கள். அப்புறம், புதியதில் என் ஃப்ளிக் வேகம் குறைந்துவிட்டது. பழையதை எங்கள் அணியில் பெனால்டி கார்னரில் டிராக் ஃப்ளிக் அடிப்பவரிடம் கொடுத்துவிட்டேன்.