சனிக்கிழமை ரவுண்ட் வேலி

குழு: எடிசன் குடும்பம்

கார்த்திக்: சனிக்கிழமை ரவுண்ட் வேலி போகலாமா? தாத்தா ஊருக்குத் திரும்புவதற்குள் இங்கே நியூ ஜெர்சியில் உள்ள நீர்த்தேக்கம் ஒன்றைக் காட்டிவிட வேண்டும்.

தாத்தா: எந்த ஆற்றின் குறுக்கே கட்டியது?

கார்த்திக்: அதுதான் விசேஷம், தாத்தா. ஆற்றை மறித்துக் கட்டியதே இல்லை. குஷெடங்க் மலை குதிரை லாடம்போல் வளைந்திருக்கிறது. 1960களில் அதன் திறப்புகளைக் கரை போட்டு அடைத்து, ராரிட்டன் ஆற்றின் தென்கிளையிலிருந்து தண்ணீரை பம்ப் செய்து நிரப்பினார்கள். வறட்சி வந்தால் ராரிட்டனுக்கே திறந்துவிடுவார்கள்.

தாத்தா: கொள்ளளவு?

கார்த்திக்: 5,500 கோடி கேலன். ஆழம் 180 அடி.

சித்ரா அத்தை: புளியோதரையும் தயிர்சாதமும் நான் கொண்டுவருகிறேன். அங்கே குப்பைத்தொட்டி இருக்காது. நம் குப்பையை நாமே திரும்ப எடுத்து வர வேண்டும், பைகள் மறக்காதீர்கள்.

தாத்தா: கணக்குப் போட்டுவிட்டேன். 7.35 டி.எம்.சி. வருகிறது. மேட்டூர் 93.47. பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் மேட்டூர் நிரம்பினாலே 120 அடிதான், இது 180 என்கிறாய்! பொதுப்பணித்துறையில் 31 வருடம் இருந்தேன், ஆறு இல்லாத அணையைப் பார்த்ததில்லை.

அனு: 2002இல் அங்கே 32 பவுண்டு டிரவுட் மீன் பிடித்தார்களாம்! நாங்கள் கயாக் துடுப்புப் படகு எடுக்கலாமா?

செந்தில் மாமா: எடுக்கலாம், ஆனால் நான் சொல்வதைக் கேட்ட பிறகு. போன வருடம் மே மாதம், வெயில் நன்றாக இருந்தது என்று நானும் நண்பரும் அங்கே இறங்கினோம். பாதி தூரத்தில் காற்று திரும்பியது, கயாக் கவிழ்ந்தது. சில்லென்ற தண்ணீர் பட்டதும் மூச்சு அடைத்துக்கொண்டது, கூப்பிடக் குரல் வரவில்லை. லைஃப் ஜாக்கெட்தான் எங்களை மேலே வைத்திருந்தது. கரை ஏறிய பிறகு அதன் கொக்கியைக் கழற்ற என் விரல்கள் மடங்கவில்லை. வேறொருவர்தான் கழற்றிவிட்டார்.

சித்ரா அத்தை: இதை என்னிடம் இவ்வளவு விவரமாகச் சொல்லவே இல்லையே நீங்கள்.

செந்தில் மாமா: பயந்துவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை. மேலே வெயில் அடித்தாலும் அவ்வளவு ஆழத்துத் தண்ணீர் சீக்கிரம் சூடேறாது. அங்கே மூழ்கியவர்களில் சிலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. ஆகவே ஜாக்கெட்டை உட்காரும் பலகையில் வைப்பது கூடாது, உடம்பில் மாட்டிக் கொக்கி போட்டிருக்க வேண்டும். கரையை ஒட்டியே போக வேண்டும். குளிப்பது என்றால் அதற்கென ஒதுக்கிய இடத்தில், காவலர் இருந்தால் மட்டும்.

அனு: சரி அப்பா. கொக்கியை நீங்களே சரிபாருங்கள்.

கார்த்திக்: என்னிடம் மூன்று ஜாக்கெட் இருக்கின்றன. இன்னும் இரண்டு வாங்கிவிடுகிறேன்.

தாத்தா: மாப்பிள்ளை சொல்வது சரி. மேட்டூரில் நானும் இப்படிப் பார்த்திருக்கிறேன். கார்த்திக், கரையின் உட்சரிவில் கல் பாவியிருக்கிறார்களா? முதலில் என்னை அங்கே இறக்கிவிடு. காலை 7 மணிக்குத் தயாராக இருப்பேன்.